வாசிகசாலை வாசலில் இறந்த தம்பிகள்

போர் ஏன் வந்தது என்று பேரின்பநாதன் அண்ணையிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்வார். சென்ற கார்த்திகையில் ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். குழந்தை கேக்குக்கு முன்னால் வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அண்ணை சாப்பாட்டு வரிசையில் தனக்கு முன்னால் நின்ற, இங்கே மொன்றியலிலேயே பிறந்த ஓர் இளைஞனிடம் 1948இல் தொடங்கினார். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது புரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் முடிந்தது. தனிச் சிங்களச் சட்டம் கத்தரிக்காய்க் கறிக்குப் பக்கத்தில். ஐம்பத்தேழாம் ஆண்டு ஒப்பந்தம் கிழிக்கப்பட்ட இடத்தில் அந்த இளைஞன் தட்டோடு தப்பிப் போனான். "எழுபத்திரண்டு இன்னும் கிடக்கு, பேந்து சொல்லுறன்" என்று அண்ணை அவனுடைய முதுகுக்குச் சொன்னார்.

முப்பத்தைந்து வருடமாக அவரை எனக்குத் தெரியும். புவாண்ட்-கிளேரில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் களஞ்சியம் ஒன்றில் இருவரும் ஒரே மேசையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறோம். இப்போது நோத்ர-டாம்-த-கிரேஸில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். இவ்வளவு பழகியும் அவரைப் பற்றி நல்லதாக எழுதுவதற்கு என்னிடம் அதிகம் இல்லை. நேரம் தவறமாட்டார். வேலையிடத்தில் யாரையும் மாட்டிவிட்டதில்லை. மற்றப்படி, ஒரு கேள்வியைக் கேட்டால் அதற்குப் பதில் தவிர மற்றதெல்லாம் சொல்லுகிற மனிதர்.

அவர் 1953இல் தென்மராட்சியில் ஒரு தபாற்காரரின் மூத்த மகனாகப் பிறந்தார். கணக்கில் கெட்டிக்காரர். பல்கலைக்கழகம் புகத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்தபோது பொறியியல் பீடம் நாலு புள்ளியில் தவறிப்போனது. நாலு என்பது அவருடைய கணக்கு. மனைவி சிவநேசம் அக்கா ஒன்பது என்பார். பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர் வேலை, பின்னேரங்களில் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கு ரியூசன். அவருக்குப் பதின்மூன்று வயது இளையவன் ஒரே தம்பி, யோகேந்திரன். யோகன் என்று கூப்பிடுவார்கள். பதினெட்டு வயதில் இயக்கமொன்றில் சேர்ந்தான். அப்போது இயக்கங்கள் பல இருந்தன. 1986இல் அவை ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கின. அந்த வைகாசியில் யோகன் இறந்தான்.

அண்ணை மறு வருடம் கலியாணம் செய்து, அதற்கு மறு வருடம் தனியாக மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். கோட்-தே-நேஜ் பக்கத்தில் ஒரு மூன்றரையில் இருந்தார். இங்கே வீடுகளை இப்படித்தான் எண்ணுவார்கள். அரை என்பது குளியலறை. அந்த மூன்றரையில் ஏழு ஆண்கள். அவர்களில் மூத்தவர் நகுலேஸ்வரன். யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவர், நல்ல ஆங்கிலம், எங்கோ தேவாலய விற்பனையில் எடுத்த ஒரு தட்டச்சு இயந்திரம். அகதி விண்ணப்பத்துக்கான கதைகளைச் சனிக்கிழமைகளில் அவர்தான் எழுதிக் கொடுப்பார்.

அவரிடம் இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று பஸ், மற்றது வாசிகசாலை. பஸ் கதையில், அகதியாக வந்தவரை இராணுவம் பஸ்ஸை மறித்து இறக்கிக்கொண்டு போய் அடித்திருக்கும். வாசிகசாலைக் கதையில், 1986 மார்ச் பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, வெள்ளைச் சேட்டுப் போட்ட தம்பி இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வாசிகசாலைக்குப் போயிருப்பான். ரோந்து வந்த இராணுவம் வாசலில் வைத்துச் சுட்டிருக்கும். நான் 1990இல் வந்து இறங்கியபோது பழையவர்கள் ஒருவரையொருவர் விசாரித்த விதமே அதுதான்: "நீர் பஸ்ஸோ, வாசிகசாலையோ?" அண்ணை வாசிகசாலை.

இதை வாசிப்பவர்கள் அவசரப்பட்டு முகம் சுளிக்கக்கூடாது. அவர்களுக்கிருந்த பயம் உண்மையானது. அண்ணைக்கு இராணுவத்துக்குப் பயம், பிறகு வந்த இந்திய இராணுவத்துக்குப் பயம், தம்பியைக் கொன்ற இயக்கத்துக்கும் பயம். அதை அப்படியே சொல்லப் போயிருக்கிறார். நகுலேஸ்வரன் தட்டச்சை நிறுத்திவிட்டுச் சொன்னாராம்: "ஒருத்தரைச் சொல்லும். மூண்டு பேருக்குப் பயம் எண்டால் ஒருத்தருக்கும் பயமில்லை எண்டு எழுதிப்போடுவங்கள்." விண்ணப்பத்தில் பகைவனுக்கு ஓரிடம்தான் இருந்தது. அந்த இடத்துக்குப் பொருந்துகிற கதையை அவர் கொடுத்தார்.

உண்மையை அண்ணை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். 1991, களஞ்சியத்தில், பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தோம். "என்ர தம்பியை ஆமி சுடேல்லை. எங்கட பெடியள்தான்" என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் அடுத்த பெட்டியை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு முப்பத்துநாலு வருடம் அந்தப் பேச்சு இல்லை. 1948, 1956, 1958, 1972, 1974, 1981, 1983 மட்டும் ஓயாமல் இருந்தன. கவனித்தால் தெரியும், அவருடைய சரித்திரம் எப்போதும் எண்பத்துமூன்றில் நின்றுவிடும். அதற்குள் கேட்பவர்களும் போய்விடுவதால் யாரும் கவனிக்கவில்லை.

அவருடைய ஒரே மகள் கஜந்தினி. இங்கே 1992இல் பிறந்தவள், ஆவணக் காப்பாளராக வேலை செய்கிறாள், கணவனோடு புரோசார்ட்டில் இருக்கிறாள். தகப்பனிடமிருந்து அவளுக்கு வந்தது ஆண்டுகளின் மேலுள்ள பிரியம். ஆனால் அவள் ஆண்டுகளுக்குக் கீழே தாள் இருக்கவேண்டும் என்பவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சங்கத்தோடு சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினாள். முதல் வந்த அகதிகளின் பழைய கோப்புகளை அரசாங்கத்திடமிருந்து எடுத்து, அவற்றிலுள்ள கொலைகளைப் பட்டியலிட்டு, வெளிநாட்டில் போர்க்குற்றச் சாட்சியங்களைச் சேர்க்கும் ஓர் அமைப்புக்கு அனுப்புவது. கோப்பை எடுக்க உரியவரின் கையெழுத்து வேண்டும். பத்தொன்பது பேரிடம் வாங்கினாள். முதலாவது கையெழுத்து அப்பாவுடையது.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் உள்ள எரிச்சல் உச்சத்துக்குப் போகிறது. ஐம்பத்தேழாம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வாசகத்தையும் பிரித்துப் பொருள் சொல்லுகிற மனிதர், மகள் நீட்டிய ஒரு பக்கத் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கோவில் பூசைக்குப் பேர் பதிகிற தாள் என்று நினைத்தாராம்.

கோப்புகள் வந்தன. அவளுக்குக் கிடைத்தது மூன்று தம்பிமார். அப்பாவின் தம்பி யோகேந்திரன். மன்னார் ஞானேந்திரன் அங்கிளின் தம்பி அன்ரன். காலமாகிவிட்ட நகுலேஸ்வரன் அங்கிளின் தம்பி, அவருடைய பிள்ளைகள் அனுமதி தந்த கோப்பிலிருந்து. ஒரே நாள், ஒரே வாசல், மூவரும் வெள்ளைச் சேட்டு. எங்கள் தலைமுறையில் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் அதை இப்படி எடுத்துக்கொண்டாள்: மூன்று பேர் தனித்தனியாக ஒரே விபரத்தைச் சொல்லியிருக்கிறார்கள். சொற்கள் ஒன்றாக இருப்பது மொழிபெயர்த்தவர் ஒருவர் என்பதால். எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு படுகொலையைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அவள் நம்பினாள். இன்னும் பெயர்கள் இருக்கவேண்டும் என்று ரொறன்ரோவுக்கெல்லாம் எழுதினாள்.

ஒரு சந்தேகம் அவளுக்கும் வந்தது. சித்தப்பாவின் திவசத்தை அம்மா ஒவ்வொரு வருடமும் வைகாசியில்தானே செய்கிறார், செத்தது மார்ச்சில் என்றால் எப்படி என்று தகப்பனிடம் கேட்டாள். "திதிப்படி மாறும், பிள்ளை" என்றார். திதி சில நாட்கள் முன்பின்னாக மாறும், மிஞ்சினால் ஒரு மாதம். பங்குனி வைகாசிக்குப் போகாது. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் தொடக்கத்தில் அண்ணை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமான டோனட் கடைக்கு வரச் சொன்னார். கோப்பி ஆறிய பிறகுதான், சித்திரை கடைசி ஞாயிறு மண்டபத்தில் கூட்டம் வைத்து அவள் இதையெல்லாம் சொல்லப் போகிறாள் என்றும், மறுநாள் கோப்பு வெளிநாட்டுக்குப் போகிறது என்றும் சொன்னார். நான் அவளோடு கதைக்கவேண்டுமாம்.

"என்னத்தைக் கதைக்க?"

"உப்பிடியான வேலையை ஆறுதலாச் செய்யவேணும் எண்டு. ஒரு ரெண்டு வருசம் பொறுக்கச் சொல்லும். உம்மட சொல்லைக் கேப்பாள்."

"ரெண்டு வருசத்தாலை என்ன மாறும், அண்ணை?"

அவர் யன்னலைப் பார்த்தார். பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையை எத்தனை வருடம் போனாலும் பறிக்கலாம் என்று எங்கோ வாசித்திருக்கிறார். எழுபத்திரண்டு வயதில் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்றார். இயக்கம் செய்தது என்று சொன்னால் துரோகி என்பார்கள், சிவநேசம் கோவிலுக்குப் போகமுடியாது என்றார். எல்லாம் நியாயமான பயங்கள். ஆனால் அவர் அவற்றைச் சொன்ன விதத்தில் ஒரு அவசரம் இருந்தது. எண்பத்துமூன்றுக்கு முன்னால் உள்ள ஆண்டுகளை அடுக்கும் அதே அவசரம். இதற்கப்பால் வேறேதோ இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. எரிச்சல் மனிதனை மந்தமாக்கிவிடும்.

நீங்களே சொல்லுங்கள், அரை நிமிடப் பேச்சு என்றேன். "ஓம், சொல்லத்தான் வேணும்" என்றார். உடனே 1972க்குப் போனார்.

வீட்டில் கொண்டுபோய் விட்டபோது சிவநேசம் அக்கா வாசலில் நின்று எங்கள் முகங்களைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். "உலகத்துக்கெல்லாம் சரித்திரம் படிப்பிப்பார். பெத்த பிள்ளைக்கு முன்னாலை வாய்க்குள்ளை கொழுக்கட்டை" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுறன்" என்றார். அண்ணை முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "அது என்ர தம்பி. நான்தான் சொல்லவேணும்." நல்லது, சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன். மார்ச் முழுவதும் அவர் சொல்லவில்லை.

சித்திரையில் என்னையும் இழுத்துக்கொண்டு ஞானேந்திரனிடம் போனார். ஞானேந்திரன் மன்னார்க் கத்தோலிக்கர், அந்த மூன்றரையில் ஏழில் ஒருவர். இடுப்பு மாற்றுச் சிகிச்சை முடிந்து கைத்தடியோடு இருந்தார். அவருடைய மனைவி அல்போன்சம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அண்ணையின் திட்டம் எனக்கு அங்கே போய்த்தான் விளங்கியது: தான் வாயைத் திறக்காமல் ஞானேந்திரனைக் கொண்டு சொல்விப்பது.

ஞானேந்திரன் அதற்கெல்லாம் மசிகிற ஆளில்லை. "நான் ஏன் சொல்ல? உம்மட மகள். எனக்கு இப்ப நல்ல மரியாதை. போன ஞாயிறு பூசைக்குள்ளை ரெண்டுபேர் வந்து கையைப் பிடிச்சு, தம்பியை நினைச்சு மன்றாடினம் எண்டு சொல்லிப்போட்டுப் போகினம்."

அல்போன்சம்மா கோப்பையை வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. "ஃபாதருக்கு முன்னாலை அழுதும் போட்டார்" என்றார்.

ஞானேந்திரன் அதைக் காதில் போடவில்லை. விட்டுவிடும், யாருக்கு நட்டம், இராணுவம் செய்யாத கொலையா என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொன்னேன். செய்த கொலைகள் ஏராளம் என்பதால்தான் செய்யாத ஒன்றைச் சேர்க்கக்கூடாது. இந்த ஒன்றைப் பொய்யென்று பிடித்தால் அதைக் காட்டியே மற்றப் பதினாறு கோப்புகளையும் தூக்கி எறிவார்கள் என்றேன். பிறகு ஞானேந்திரன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டு சொன்னதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

"முழுக்கப் பொய் எண்டு சொல்லாதேயும். வாசிகசாலையிலை ஒருத்தன் செத்தவன். நகுலேஸ் அண்ணையின்ர சொந்தத் தம்பி. வெள்ளைச் சேட்டு, புத்தகம், எல்லாம் அவன்தான். முதல் ரெண்டு பேருக்கு அதை ரைப் பண்ணேக்கை அண்ணை அழுதவர். பேந்து அழேல்லை."

எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தார் என்று கேட்டேன். பதினொன்று என்றார். பேரின்பநாதன் அண்ணை எழுந்து சப்பாத்தைப் போடத் தொடங்கினார். ஒரு காலைத் தவறான சப்பாத்துக்குள் விட்டுக் கழற்றி மறுபடி போட்டார். காரில் 1948 பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அந்த மௌனத்துக்கு நான் நன்றியாக இருந்திருக்கவேண்டும். எனக்கு இன்னும் கோபமாகத்தான் வந்தது.

சித்திரை கடைசி ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி என்று போட்டு மூன்றேகாலுக்குத் தொடங்கிய கூட்டம். தேவாலயமொன்றின் நிலவறை மண்டபம், எண்பது பேர் இருப்பார்கள். மேசையில் மூன்று படங்களுக்கு மூன்று மெழுகுதிரிகள். அன்ரனுக்குப் படம் இல்லாததால் ஒரு வெற்றுச் சட்டம் வைத்திருந்தார்கள். கஜந்தினி சேலையில் வந்திருந்தாள். அவளுடைய தமிழில் பிரெஞ்சு வாடை அடிக்கும், ஆனால் ஒரு சொல்லும் தடுமாறவில்லை. திரையில் தாள்களைக் காட்டி, எங்கிருந்து எது வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் இலகுவில் யாரையும் மெச்சுகிறவன் அல்லன்; அந்த அரைமணி நேரத்தில் அவள் செய்ததுபோல் ஒழுங்காக ஒரு வேலையை எங்கள் சங்கங்களில் ஒருவரும் செய்து நான் பார்த்ததில்லை. அடித்தளம் பொய் என்பது தவிர அதில் ஒரு பிழையும் இல்லை. கடைசியில் யோகனின் படம் திரையில் வந்தது. கீழே: 14.03.1986, இராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கருத்துக் கூற விரும்புகிறவர்கள் வரலாம் என்று செயலாளர் சொன்னதும் அண்ணை எழுந்தார். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்தெட்டாம் ஆண்டு" என்றார்.

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. சிவநேசம் அக்கா நெற்றியைக் கையில் தாங்கினார். அவர் ஓர் ஆண்டையும் விடவில்லை. ஐம்பத்தாறில் இரண்டு பேர் வடை எடுக்கப் போனார்கள். ஐம்பத்தெட்டில் ஒரு குழந்தை அழுதது. எழுபத்திரண்டில் நாலு புள்ளி வந்தது. செயலாளர் "அண்ணை, சுருக்கமா" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். அண்ணை அதை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். எண்பத்தொன்றில் நூலகம் எரிந்தபோது கஜந்தினி கடிகாரத்தைப் பார்த்தாள். எண்பத்துமூன்றில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். வழக்கமாக அதுதான் முடிவு என்று அவர்களுக்குத் தெரியும்.

"எண்பத்தாறு" என்றார் அண்ணை.

மகள் நிமிர்ந்தாள்.

"இவ்வளவு நேரமும் நான் சொன்ன காரணம் எல்லாம் உண்மை. ஒண்டிலையும் பொய்யில்லை. ஆனா என்ர தம்பியை நாப்பத்தெட்டாம் ஆண்டு சுடேல்லை. ஆமியும் சுடேல்லை. எங்கட ஊர்ப் பெடியள் சுட்டவங்கள். மற்ற இயக்கத்திலை இருந்தவன் எண்டு. வைகாசி மாதம். வாசிகசாலையிலை இல்லை, வீட்டு வளவுக்குள்ளை. அகதிக் கோப்பிலை நான் சொன்னது பொய். கஜா, மற்றவையின்ரதை அவையளிட்டைக் கேள். என்ரதை எடு."

ஒலிவாங்கி நின்றுபோனது. யார் நிறுத்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து ஒருவர், இப்ப ஏன் உதைக் கிண்டுறீர், எதிரிக்கு எடுத்துக் குடுக்கிறீரோ என்று சத்தம் போட்டார். இன்னொருவர் இவருக்கு யார் பின்னால் நிற்கிறார்கள் என்று விசாரிக்கவேண்டும் என்றார். இன்னும் ஒருவர், வயதானவர், எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உட்கார்ந்தார். அவருடைய வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கலாம்.

கஜந்தினி யாரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த தாள்களை நேராக்கிக்கொண்டு, ஞானேந்திரன் பக்கம் திரும்பி, "அங்கிள், அப்ப உங்கட தம்பி?" என்று கேட்டாள்.

ஞானேந்திரன் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "எனக்குத் தம்பியே இல்லை, பிள்ளை. நாலு அக்காமார்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அவள் மேசைக்குப் போய் வெற்றுச் சட்டத்துக்கு முன்னால் இருந்த மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். பிறகு யோகனுடைய மெழுகுதிரியையும் அணைத்து, படத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். நகுலேஸ்வரனின் தம்பியைக் காட்டி ஞானேந்திரன், "அவன் உண்மை. அவனை எடுத்துப்போடாதையும்" என்று அவசரமாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஒரு படமும் எரிகிற ஒரு மெழுகுதிரியுமாக மேசை நின்றது. வடை மட்டும் நன்றாகப் போனது.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை மகள் தகப்பனோடு கதைக்கவில்லை. அவர் அரசாங்கத்துக்குப் பொய் சொன்னதை அவள் ஒரு குற்றமாக எடுக்கவில்லையாம். தாயிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். எண்பது பேருக்கு முன்னால் தன்னை அரைமணி நேரம் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் நியாயம் இருந்தது. அண்ணைக்குச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, மரியாதையான சொற்களில், இனிக் கூட்டங்களுக்கு வந்து சிரமப்படவேண்டாம் என்று. அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். குடியுரிமை பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தபால் வரும் நேரத்தில் மட்டும் அவர் யன்னலடியில் நிற்பார்.

மூன்றாவது சனிக்கிழமை மகள் வரச் சொன்னாள். தனியாகப் போகப் பயந்து அண்ணை என்னையும் கூப்பிட, சிவநேசம் அக்காவோடு மூவருமாகப் புதிய ரயிலில் புரோசார்ட்டுக்குப் போனோம். காலை பத்து மணி. வெளியே இரவு மழை பெய்து தெருவெல்லாம் தண்ணீர். அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியையும் ஒரு கொப்பியையும் வைத்திருந்தாள். மன்னிப்பு, கண்ணீர் ஒன்றும் இல்லை. முகம் கூட்டத்தில் இருந்ததுபோலவே வேலைமுகமாக இருந்தது. சிவநேசம் அக்கா குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

"சொல்லுங்கோ அப்பா."

அண்ணை தொண்டையைச் செருமினார். "இயக்கங்களுக்குள்ளை முரண்பாடு வந்ததுக்கு அடிப்படைக் காரணம் என்னெண்டால்"

அவள் கருவியை நிறுத்தினாள். "காரணம் வேண்டாம், அப்பா. அண்டைக்கு விடிய. அவர் என்ன சாப்பிட்டவர்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. காரணங்களைத் தேடிப் பின்னுக்குப் போகப் போக ஆண்டுகள் பெருகும், மனிதர்கள் சிறுத்துப்போவார்கள். ஒரு கட்டத்தில் ஒருவனும் எதையும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்தது என்று ஆகிவிடும். அண்ணை முப்பத்தைந்து வருடச் சரித்திரத்தை எதற்காகத் தோளில் சுமந்துகொண்டு திரிந்தார் என்பது அதற்கடுத்த சில நிமிடங்களில்தான் எனக்குப் புரிந்தது.

ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். யோகன் மூன்று நாளாக வீட்டில்தான் ஒளிந்திருந்தான். படலையடியில் சைக்கிள் வந்து நின்றது. வந்தவனைத் தெரியும். அவரிடம் கணக்குப் படித்தவன், யோகனின் வகுப்பு, எத்தனையோ நாள் அந்தக் குசினியில் இருந்து சாப்பிட்டவன். தனியாகத்தான் வந்தான், மற்றவர்கள் ஒழுங்கையில் நின்றது பிறகுதான் தெரியும்.

"யோகன் எங்கை சேர் எண்டு கேட்டான்." அண்ணை மேசைவிரிப்பின் நூலொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சேர் எண்டுதான் கேட்டவன். கிணத்தடியிலை எண்டு நான் சொன்னனான்."

குசினியில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. சிவநேசம் அக்கா வந்து கதவு நிலையில் நின்றார். முப்பத்தெட்டு வருடக் கலியாணத்தில் இது அவருக்குத் தெரியாது. ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணை மகளின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். அவள் ஏதாவது சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தார் என நினைக்கிறேன்: உங்களுக்கு எப்படித் தெரியும் அப்பா, உங்களில் பிழையில்லை அப்பா. அவளுடைய கண்கள் நிறைந்துதான் இருந்தன. ஆனால் கருவி ஓடிக்கொண்டிருந்தது. பேனை கையில் இருந்தது.

"எத்தினை மணி?" என்று கேட்டாள்.

"ஆறே கால்."

எழுதினாள்.

"வந்தவரின்ர பேர்?"

அண்ணை மேசைவிரிப்பின் நூலை விட்டார். பிறகு முழுப்பெயரையும், தகப்பன் பெயரோடு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.